நீலகிரியை ஆறு வருஷமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோடைச் சுற்றுலா இணைப்பில் நீலகிரிக்கு ‘இரண்டு நாள், பதினான்கு இடம்’ என்று ஓர் அட்டவணை வெளியாகியிருந்தது. முதல் நாள் காலை மேட்டுப்பாளையம், மதியத்துக்குள் சிம்ஸ் பூங்காவும் டால்பின் நோஸும், மாலை தாவரவியல் பூங்கா, படகு இல்லம். மறுநாள் தொட்டபெட்டா, பைக்காரா, முதுமலை. அன்றிரவே இறக்கம். இந்த மலையில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களும் விடுதிகளில் வேலை பார்க்கிறவர்களுமான நாங்கள் சிலர் அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

தூரத்தைக் கூட்டினால் பெரிதாகத் தெரியாது. உதகையிலிருந்து குன்னூர் 19 கி.மீ., கோத்தகிரி 30, கூடலூர் 50. சமவெளிக்காரர்கள் ‘அவ்வளவுதானே’ என்பார்கள். ஆனால் மே மாதச் சனிக்கிழமையில் அந்த 19 கி.மீ. மட்டுமே இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். பதினான்கு இடத்தில் ஏழைப் பார்ப்பார்கள். மீதி நேரமெல்லாம் முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார்கள்.

நீலகிரிக்கு ஒரு தடவை வந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் குடும்பம் குறைவு. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். வரும்போதெல்லாம் அதே பதினான்கு இடம், அதே மே மாதம். பத்து வருஷத்தில் நான்கு தடவை வந்த குடும்பம் கோத்தகிரியில் கால் வைத்திருக்காது. ஒரு வருஷத்துக்கு ஒரு மூலை என்று பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும்.

மாதத்தை மாற்றுவதுதான் இதில் முக்கியம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மூன்று விடுமுறை கிடைக்கிறது: முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு. மலைக்கு இந்த மூன்றும் மூன்று முகம். காலாண்டு விடுமுறை சமயம் தென்மேற்குப் பருவமழை தணிந்திருக்கும், வடகிழக்கு இன்னும் பிடித்திருக்காது. உதகையில் இதை ‘செகண்ட் சீசன்’ என்போம். பூங்காக்களில் இரண்டாம் தடவை நட்ட செடிகள் பூத்திருக்கும், மே மாத நெரிசல் இருக்காது. எங்களைக் கேட்டால் முதல் தடவை வருகிறவர்கள் இந்த விடுமுறையில்தான் வரவேண்டும்.

பிள்ளைகளுக்கு ஐந்து முதல் பத்து வயது இருக்கும் வருஷத்தை மலை ரயிலுக்கு ஒதுக்குங்கள். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிந்த கையோடு மேட்டுப்பாளையத்தில் விட்டுவிடும். மலை ரயில் 7.10க்கு. உதகை வரை 46 கி.மீ. போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 208 வளைவு, 16 சுரங்கப்பாதை, 250 பாலம். சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாது. அதனால் குன்னூரோடு இறங்கிக்கொள்வதே உத்தமம். பார்க்க வேண்டியதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். அதனால் எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். பெட்டி எதுவும் கழன்று கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்காக. ஏறக்குறைய 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம். குன்னூரில் பல்சட்டம் முடிகிறது. அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அதை நடைமேடையில் நின்றே பார்க்கலாம். ஹில்குரோவ் நிலையத்தில் ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பிள்ளைகள் கையில் பிஸ்கட் பொட்டலம் இருக்கக் கூடாது. குரங்கு பிடுங்கும்போது நகம் பட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், ஊசி போட.

முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். மே மாதத்துக்கு அன்றைக்கே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் குன்னூர்–உதகை இடையே ஒரு நாளில் பல தடவை ஓடும் ரயிலில் ஏறுங்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரச் சொச்சம், கேத்திப் பள்ளத்தாக்கு முழுவதும் ஜன்னலில். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை மண் சரிந்து மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை அடைபடுவது வாடிக்கை. அந்த நாட்களில் ரயிலை நம்பி மற்றதை நிச்சயம் செய்யாதீர்கள்.

சொந்தக் காரில் வருகிற வருஷத்துக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இ-பாஸ், அதாவது வண்டியோடு மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். பாஸுக்குக் காசில்லை, வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும்போதே எடுத்து, அச்சுப் பிரதியோ படமோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு ஓடிபி வராமல் தவிப்பவர்கள் பின்னால் நிற்கும் நாற்பது வண்டியையும் சேர்த்துத் தவிக்க வைக்கிறார்கள். அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் பாஸ் வேண்டியதில்லை. அதே சாவடியில் பிளாஸ்டிக் சோதனையும் உண்டு. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை அங்கேயே வாங்கிவைத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வந்தால் போதும்.

ஏறும்போது கெடுவது கிளட்ச். நெரிசலில் கொண்டை ஊசி வளைவில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைப்பது சமவெளிப் பழக்கம். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். முன் வண்டி பத்தடி நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் எடுங்கள். காகிதம் கருகுவது போல நாற்றம் வந்தால் அது கிளட்ச். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். எஞ்சின் சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

இறங்கும்போது கெடுவது பிரேக். உயிர் போவதும் இதில்தான். உதகை 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 330 சொச்சம். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தை 50 கி.மீ. சொச்சத்தில் இறக்க வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு நான்காவது கியரில் வந்தால் பிரேக் ஷூவும் பேடும் பழுக்கும். பிரேக் ஆயில் கொதித்து அதில் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, வண்டி நிற்பதில்லை. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாருக்கு மேலே இப்படிச் சுவரில் மோதி நிறுத்திய வண்டிகளை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவதில் ஏறிய இடத்தை இரண்டாவதில் இறங்குங்கள். எஞ்சின் உறுமும், உறுமட்டும். அது கெடுவதன் சத்தமில்லை, வண்டியைப் பிடித்து வைக்கும் சத்தம். வளைவுக்கு முன்னால் பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்கக் காலை எடுங்கள்; லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் சூடேற்றும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது குற்றம், தற்கொலையும்கூட. ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘டி’யில் போட்டுவிட்டு இருக்காமல் ‘எல்’ அல்லது மேனுவல் இரண்டுக்கு மாற்றுங்கள். மின்சாரக் காரில் வருகிறவர்களுக்கு ஒன்று: உதகையில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. காலை எடுத்ததும் வண்டியை இழுத்துப் பிடிக்கும் அந்தப் பிடி கிடைக்காது. எண்பதோடு நிறுத்துங்கள். கீழே வந்து பார்த்தால் சார்ஜ் கூடியிருக்கும்.

கருகல் நாற்றம் வந்துவிட்டதா, அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, முக்கால் மணி நேரம் உட்காருங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பழுத்த டிரம் விரிசல் விடும், டிஸ்க் கோணிக்கொள்ளும். ஜூன், ஜூலையாக இருந்தால் பர்லியாரில் மங்குஸ்தான் விற்பார்கள், காத்திருக்கும் நேரம் போவதே தெரியாது.

மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். பேருந்து கொண்டை ஊசியில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். வளைவுக்கு இருபதடி முன்பே நின்றுவிடுங்கள், மூக்கை நுழைத்தால் இருவருக்கும் வழியில்லை. மூடுபனியில் ஹை பீம் போட்டால் பனிதான் வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். லோ பீம் போதும். சீசன் நாட்களில் பர்லியார், குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போலீசார் ஒருவழியாக்குவார்கள். அதை வைத்துத்தான் அடுத்த யோசனை.

கோத்தகிரிக்குத் தனியாக ஒரு வருஷம் கொடுங்கள். தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்கு மழை இங்கே அவ்வளவாக அடிக்காது. கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பங்களா அருங்காட்சியகமாக இருக்கிறது. உதகையை உண்டாக்கியவர் முதலில் குடியிருந்தது இங்கேதான் என்பதே பலருக்குத் தெரியாது. கோடநாடு காட்சிமுனையிலிருந்து பார்த்தால் ரங்கசாமி தூணும், தூரத்தில் பவானிசாகர் நீரும் தெரியும். காலை பத்து மணிக்குள் போனால்தான், அப்புறம் மேகம் மூடிவிடும். லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் காடு, 2024இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது; வனத்துறை அனுமதியோடுதான் நுழைய வேண்டும். மழை ஈரத்தில் அட்டை ஏறும். பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், ஒட்டியிருக்கும் வாய்க்கு அடியில் நகத்தைப் பக்கவாட்டில் செலுத்தி நெம்பினால் விட்டுவிடும். சிறிது நேரம் ரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

உதகையை அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் ஆகிய இடங்களில் உறைபனி விழும். வெயில் ஏறினால் கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். ஆறு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு எழுந்து வந்து ‘பனி எங்கே?’ என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. கார் கண்ணாடியில் பனி பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும், பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டி எடுங்கள். ஒரு கனத்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய துணி மேலுக்கு மேல் போடுவது குளிர் தாங்கும். வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தேயிலை வாங்குவதற்கும் இதுதான் மாதம். பனிக்காலத்தில் துளிர் மெதுவாக வளர்வதால் வாசம் கூடுதல். ஊருக்குப் போனதும் மசாலா டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் சோம்பு மணக்கும்.

விடுதி ஊழியர்கள் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்று. இரவு குளிருக்காகக் கரி அடுப்பையோ, சமைத்து முடித்த பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் எடுத்துப் போகாதீர்கள். தீ அணைந்தது போலத் தெரிந்தாலும் கங்கு கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது. தலை கனக்கும், தூக்கம் வரும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். இந்த மலையிலும் கொடைக்கானலிலும் காலையில் கதவைத் தட்டித் திறக்காமல் உடைக்க வேண்டி வந்த அறைகள் உண்டு. கூடுதலாக ஒரு கம்பளி கேளுங்கள், கொடுக்கிறோம்.

காட்டேஜில் சமைக்கிறவர்களுக்கு: உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது தெரியும், பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் முயற்சி செய்யாமல் குக்கரில் வையுங்கள், வீட்டில் வைப்பதைவிட இரண்டு விசில் கூட.

முதுமலையைத் தனியாக வையுங்கள், உதகையோடு ஒட்டவைக்காதீர்கள். கைபேசி வரைபடம் கல்லட்டி வழியைக் காட்டும்: முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காட்டுக்கு 36 கி.மீ., கூடலூர் வழி 67. பாதி தூரம் என்று ஆசை வரும். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அடுக்கடுக்காக விபத்து நடந்ததால் வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. தலைகுந்தாவில் திருப்பிவிடுவார்கள், வாக்குவாதத்தில் பயனில்லை. கூடலூர் வழியாகவே போங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை புலிகள் காப்பகச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை. ஒன்பதுக்குச் சாவடி மூடிவிட்டால் விடியும்வரை அங்கேதான். காட்டுக்குள் நடுவழியில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல், லைட்டை மினுக்காமல், தூரத்திலேயே காத்திருங்கள். வண்டியைப் பின்னுக்கு எடுக்க இடம் விட்டு நிறுத்துங்கள். ‘நைட் சஃபாரி’ கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அது சட்டவிரோதம். சஃபாரி என்பது வனத்துறை வண்டியில் பகலில் மட்டும்.

மே மாதம்தான் முடியும் என்றால் உதகை நகரத்தை விட்டு மேற்கே போங்கள்: அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா. ஜூன் பிறந்தால் அந்தப் பக்கம் மழை கொட்டும், அதனால் அவற்றுக்கு மே சரியான காலமே. அவலாஞ்சிக் காட்டுக்குள் வனத்துறை வண்டி மட்டும். வரிசை நீளும், காலையிலேயே போய்விடுங்கள். மலர் கண்காட்சி பார்த்தே ஆக வேண்டுமென்றால் வார நாளில், உதகைத் தாவரவியல் பூங்கா திறக்கும் நேரத்துக்குப் போங்கள். 1848இல் தொடங்கிய தோட்டம் அது, 55 ஏக்கர் சரிவு. தாத்தா பாட்டியை மேல் தட்டு வரை ஏற்றாதீர்கள், முழங்கால் மறுநாள் பேசும்.

வாந்தி பற்றி இரண்டு வரி. மேட்டுப்பாளையத்தில் பூரி, பொங்கல் வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரையை டாக்டரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கொடுங்கள், வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். பின் சீட்டில் கைபேசி பார்க்கும் பிள்ளைதான் முதலில் எடுக்கும். இறங்கும்போது கைக்குழந்தைக்குக் காது அடைத்து அழும். பால் குடித்தால் விழுங்க விழுங்கத் திறந்துவிடும்.

இந்த மலையின் மக்களான படுகரின் ஊர்களாகிய ஹட்டிகளும் தோடரின் குடியிருப்புகளாகிய மந்துகளும் வேடிக்கை இடங்களல்ல, ஆட்கள் குடியிருக்கிற வீடுகள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்; தோடர் கோயில் பக்கம் நெருங்காதீர்கள். அரையாண்டு விடுமுறை முடிகிற சமயம் கோத்தகிரிப் பக்கம் பேரகணியில் படுகரின் ஹெத்தையம்மன் பண்டிகை வந்தால் கோத்தகிரிச் சாலை வெள்ளை வேட்டியாலும் முண்டாலும் நிறைந்திருக்கும். அன்று வண்டி வேகமாகப் போகாது, ஹாரன் அடித்தும் பயனில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலா இணைப்பில் பதினான்கு இடத்துக்குப் பதிலாக, இறக்கத்தில் எந்தக் கியர் என்பதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். அந்த இணைப்பையும் ஏப்ரலில் போடாமல் ஜூலை மூன்றாம் வாரம் போடுங்கள். காலாண்டு விடுமுறைக்கான மலை ரயில் டிக்கெட் அதற்கடுத்த வாரம்தான் திறக்கும்.

இப்படிக்கு,
வாடகை வண்டி ஓட்டுநர்கள், விடுதி ஊழியர்கள் சிலர்,
குன்னூர்.